பின் சீட்டுக்கு ஒரு பை

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஸ்போர்ட் பைக்கை வடிவமைத்த மகானுபாவருக்குக் குடும்பம் இருந்திருக்காது. இருந்திருந்தால் பின் சீட்டை இப்படி உள்ளங்கை அகலத்துக்கு வைத்திருக்க மாட்டார். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, கேரியர் கிடையாது, கயிறு கட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. வலது பக்கம் சைலன்சர் தொடை உயரத்துக்கு வந்து முடிகிறது. இந்த வண்டியில் இரண்டு பேர், ஒரு வாரத்துக்கான துணிமணியோடு, கோயமுத்தூரிலிருந்து ஜோக் அருவிக்குப் போக வேண்டும். காலாண்டு விடுமுறையில் கிளம்புவதாகத் திட்டம்.

தனியாகப் போவதென்றால் கவலையே இல்லை. பின் சீட்டின்மேல் டெயில் பேக் ஒன்றைக் கட்டினால் முடிந்தது வேலை. ஜனவரியில் அதற்கென்றே ஒன்று வாங்கினேன். கறுப்பு நிறம், நான்கு பட்டைகள், மழைக்கு மஞ்சள் உறை. இன்னும் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நான்.

இதை எழுதிப் பழக வேண்டும். ஓட்டப்போவது வாணி. பின்னால் உட்காரப் போவது பூபதியாகிய நான்.

பிப்ரவரியில் ஆபீசில் எனக்கு ஃபிட்ஸ் வந்தது. ஒரே ஒரு தடவை. இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவனிடம் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இனி ஓட்டக் கூடாது என்றார். ஒரு வாரம் வண்டிக்குப் போட்ட உறையை எடுக்கவே இல்லை. கோகிலவாணி, என் மனைவி, ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள், அதுவரைக்கும் ஸ்கூட்டியைத் தவிர எதையும் தொட்டதில்லை. மார்ச்சில் எங்கிருந்தோ ஒரு பழைய கியர் வண்டியை வாங்கிவந்து மைதானத்தில் எட்டுப் போட்டாள். விழுந்தாள். முழங்காலில் பிளாஸ்திரியோடு வகுப்புக்குப் போனாள். ஜூலையில் என் சிவப்பு வண்டியின் சாவியைக் கேட்டாள்.

"ஜோக் போலாம்னு எத்தன வருசமா சொல்றீங்க. இனி நான் கூட்டிட்டுப் போறேனுங்க, வாங்க" என்றாள். சாவியைக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

ஆகஸ்ட் 25

பை வாங்க ஹக்கீம் பாயின் கடைக்குப் போனோம். பைக் பயணச் சாமான்கள் விற்கும் கடை. எனக்குப் பத்து வருஷப் பழக்கம். பாய் வழக்கம்போல என்னிடம் பேச ஆரம்பித்தார். வாணி வண்டியிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் பேச்சை நிறுத்தி அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். எனக்குப் போடவில்லை.

என் யோசனை எளிமையானது. டேங்க்கின்மேல் பெரிய டேங்க் பேக் ஒன்று. மிச்சமெல்லாம் என் முதுகில், ஒரு நல்ல முதுகுப்பையில். வண்டியின் வடிவம் கெடாது.

வாணி முதுகுப்பையைத் தொடவே இல்லை. பின்னால் உட்காருகிறவரை அது பின்பக்கமாக இழுக்கும் என்றாள். பெரிய டேங்க் பேக் வேண்டாம், சின்னது போதும், திறந்தவுடன் மருந்து கைக்குக் கிடைக்க வேண்டும் என்றாள். பிறகு இரண்டு பக்கமும் தொங்கும் ரெக்ஸின் பைகளை எடுத்தாள். கடைசியில் ஒரு சின்ன டாப் பாக்ஸைக் காட்டி, முன்பக்கம் மெத்தை வைத்து முதுகு சாய்கிற மாதிரி வருமா, அதற்கு வாலில் இரும்புத் தட்டு அடித்துத் தர முடியுமா என்று பாயைக் கேட்டாள்.

நான் பொறுமை இழந்தேன். ஸ்போர்ட் பைக்கில் டாப் பாக்ஸ் வைப்பது பட்டு வேட்டி கட்டினவன் தலையில் சிமெண்ட் சட்டியைக் கவிழ்ப்பது போல. பார்க்கிறவர்கள் சாப்பாடு டெலிவரி என்று நினைப்பார்கள். சொல்லியும் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்டுக்கொள்வது போல. பிறகு என்னை நிறுத்தி வைத்த வண்டியில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு பையையும் என் தொடையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். இன்னும் முன்னால், இன்னும் மேலே என்று பாயிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். தையல்காரன் அளவெடுக்கிற மாதிரி. தெருவே பார்த்தது.

கடைசியில் அவள் கேட்டதெல்லாம் வாங்கினோம். என் டெயில் பேக்கைப் பற்றிப் பாய் விசாரித்தார். அதற்கு இனி வேலை இல்லை என்றேன்.

செப்டம்பர் 1

டாக்டரிடம் போனோம். வண்டியில் பின்னால் உட்காரலாமா என்று வாணி கேட்டாள். அவருக்கு மனசே இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் எதுவும் வரவில்லை, மாத்திரையும் தவறவில்லை என்பதால், நிதானமாக, பகலில் மட்டும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, சின்னதாக ஏதாவது தோன்றினாலும் அன்றோடு இறங்கிவிட வேண்டும், அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்றார். பிப்ரவரியில் வருவதற்கு முன்னால் ஏதாவது தோன்றியதா என்று மறுபடி கேட்டார். ஆபீசில் ஏதோ வயர் கருகுகிற வாசனை என்று எழுந்தேன், அவ்வளவுதான் ஞாபகம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் வயர் கருகுவது அதிசயமா என்ன?

முன் சீட் போய்விட்டது. பின் சீட் இருக்கிறது. அதுவும் போனால் நான் வண்டியைத் துடைக்க மட்டும்தான் லாயக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

பைகளோடு முதல் ஓட்டம். ஆனைகட்டி வரை.

உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. பக்கப்பைகள் இரண்டும் தொடையை அணைத்துக்கொண்டன. முதுகுக்குப் பெட்டியின் மெத்தை. முன்னால் வாணி. எந்தப் பக்கமும் அசைய இடமில்லை. கூடையில் வைத்த கோழி மாதிரி இருக்கிறது என்று புகார் செய்தேன். "அப்படியே இருங்க" என்றாள்.

நான் செய்த தப்பு வேறு. வளைவு வருவது எனக்கு அவளுக்கு முன்பே தெரிகிறது. இருபத்தாறு வருஷ உடம்பு, கேட்காமலே சாய்ந்துவிடுகிறது. அவள் சாய்வதற்கு முன்னால் நான் சாய்ந்தேன். வண்டி திணறியது. இரண்டாவது வளைவில் பிரேக்கைப் பிடித்து ஓரங்கட்டினாள்.

"ஏனுங்க, வண்டிய யாரு ஓட்டறது? நான் சாஞ்சா சாயுங்க. இல்லாட்டி மூட்டையாட்டம் சும்மா உக்காருங்க."

பேச வழியில்லாத வேகத்துக்குத் தட்டு மொழி ஒன்று வைத்துக்கொண்டோம். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. எல்லாம் சரி என்றால் அவள் இடுப்புப் பட்டையை ஒரு தடவை இழுத்துவிட வேண்டும்.

திரும்பி வரும்போது ரெக்ஸின் கருகும் வாசனை. இரண்டு தட்டு தட்டி நிறுத்தினேன். வலது பை சைலன்சரை உரசுகிறது, நான் அப்போதே சொன்னேன் என்றேன். வாணி குனிந்து மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவளுக்கு ஜலதோஷம்.

செப்டம்பர் 9

வெளிச்சத்தில் பார்த்தேன். பையில் ஒரு பொட்டுக் கருக்கல்கூட இல்லை.

செப்டம்பர் 14

தகரம் அடிக்கிறவரிடம் போய் சைலன்சருக்கும் பைக்கும் நடுவில் ஒரு கவசம் செய்துகொண்டேன். உள்ளே வெப்பம் தாங்கும் துணி. இனி அங்கே முட்டை வைத்தாலும் வேகாது.

ஆனாலும் அந்த வாசனை ஜீன்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. சாயங்காலம் குளித்துவிட்டு வந்த பிறகும் ஒரு நிமிஷம் வந்து போனது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று மூட்டை கட்டும் வைபவம். கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினோம். இரண்டு மனிதர்கள் ஒரு வாரம் உயிரோடிருக்க எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்று பார்த்து அசந்துபோனேன். ஆளுக்கு மூன்று சட்டை. மழைக்கோட்டு. பஞ்சர் ஒட்டும் சாமான். என் மாத்திரைகள் இரண்டு இடத்தில், பாதி டேங்க் பேக்கில், பாதி அவள் கோட்டுப் பையில். வீட்டில் நிறைந்து கிடக்கிற மற்றதெல்லாம் எதற்கு?

வாணி எடையை வைத்துப் பாடமே நடத்தினாள். கனமானது கீழே, முன்னால். லேசானது மேலே, பின்னால். பின்சக்கரத்துக்கு அப்பால் கனம் போனால் முன்சக்கரம் தரையை மறந்துவிடும் என்றாள். முப்பது பேருக்குச் சொல்கிற குரலில் எனக்கு ஒருவனுக்குச் சொன்னாள். இதையெல்லாம் நான் உடம்பால் தெரிந்து வைத்திருந்தேன், வார்த்தையால் தெரியாது.

தொங்கு தராசில் இரண்டு பக்கப்பையையும் நிறுத்தோம். இடது பையில் அவள் துணி, என்னதைவிட ஒரு கிலோ கூடுதல். எனக்குப் புரியவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்றேன். "பொம்பளைங்க சாமான்" என்று ஜிப்பை இழுத்துவிட்டாள். வலது பையில் பஞ்சர் சாமானைப் போட்டுச் சமன் செய்தேன்.

செப்டம்பர் 27

நாளைக்குக் கிளம்புகிறோம். பைகளின் பட்டைகளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன், சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 28, சனி. மைசூர்

எதிலிருந்து ஆரம்பிப்பது?

பண்ணாரியைத் தாண்டியதும் திம்பம் மலைப்பாதை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதையில் நான் எத்தனை தடவை போயிருக்கிறேன். இன்றுதான் பார்த்தேன். நிஜமாகவே இன்றுதான். ஓட்டுகிறவன் பார்ப்பது தார், மணல், எதிரே வரும் லாரியின் பம்பர். அதற்கு மேல் கண்ணைத் தூக்கினால் ஆள் காலி. இத்தனை வருஷம் நான் மலைக்குப் போய்த் தாரை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

பின்னால் உட்கார்ந்தவனுக்கு எல்லாம் இருக்கிறது. பாறையில் ஒழுகும் தண்ணீர். கிளை கிளையாகத் தாவிக்கொண்டே எங்களோடு மேலே ஏறிய கருங்குரங்குகள். ஒரு வளைவில் திரும்பினோம், கீழே பவானிசாகர் அணையின் தண்ணீர் மொத்தமும் வெயிலில் தகடாகக் கிடந்தது. அடுத்த வளைவில் அது மறைந்து, அதற்கடுத்த வளைவில் இன்னும் பெரிதாக வந்தது. எனக்குக் கண் கலங்கியது. ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது.

வாணி ஓட்டியதைச் சொல்ல வேண்டும். கரும்பு லாரி வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. நானாக இருந்தால் ஹார்ன் அடித்துச் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் ஓரத்தில் காலூன்றி நின்று, லாரிக்காரருக்குக் கையைக் காட்டி, போனபின் கிளம்பினாள். எங்கள் இருவரையும் மூட்டையையும் சேர்த்து அந்தச் சரிவில் அவள் ஒரு காலில் தாங்கி நின்றதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம் அடங்கவில்லை. அவள் கால் நடுங்கியதா என்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேன். நடுங்கியது என்றாள், சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே.

ஆசனூர் தாண்டி அந்த வாசனை வந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கும்போது பையைத் தொட்டுப் பார்த்தேன். கவசம் நன்றாக வேலை செய்கிறது. பை சில்லென்றிருந்தது.

செப்டம்பர் 29. சிக்மகளூர்

மூட்டையாக இருக்கக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு வித்தை இருக்கிறது. அவள் தோள் இறங்கும் கணத்தில் நம் தோளும் இறங்க வேண்டும், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யோசித்தால் தப்பிவிடும். பேலூருக்குப் பிறகு ஒரு நீள வளைவில் இரண்டு பேரும் ஒன்றாகச் சாய்ந்தோம், ஒன்றாக நிமிர்ந்தோம். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு காரியத்தை இரண்டு பேரும் ஒட்டுக்காகச் செய்ததில்லை. அவளும் உணர்ந்திருக்க வேண்டும். இடது கையை எடுத்துப் பின்னால் நீட்டி என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். எங்கள் தட்டு மொழியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், நடுவில் பனி, தோட்டத்து நிழல் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி. அந்தப் பாதை அப்படியே நீண்டுகொண்டு போயிருந்தால் நான் வீட்டைக் கேட்டிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 30. சாகர்

ஜோக் இன்னும் முப்பது கிலோமீட்டர்தான். அங்கே அறை போட்டிருக்கிறோம். ஆனால் இங்கே சாகர் என்ற ஊரில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்திருக்கிறேன்.

சிவமொக்காவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்குப் பிறகு எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. சொக்கிப்போயிருப்பேன். மத்தியானச் சாப்பாடு கனம். மறுபடி நினைவு வரும்போது வாணி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொடுத்தாள். தனக்கு மணிக்கட்டு வலிக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம் என்றாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஆட்டோ ஒன்றை நிறுத்தி, என்னையும் பெட்டியையும் அதில் ஏற்றி, அவள் பின்னாலேயே வந்தாள். கனத்தைக் குறைத்தால் கைக்கு நல்லது என்று காரணம் சொன்னாள்.

சரி, மணிக்கட்டு. நாளைக்குச் சரியாகிவிடும்.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்றும் வண்டியை எடுக்க மாட்டாளாம். மணிக்கட்டைப் பார்த்தேன், வீக்கமில்லை. முப்பது கிலோமீட்டருக்கு இவ்வளவு அலட்டலா என்று எரிச்சலாகப் பேசிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் விடை தெரிந்த பையன் தானாகக் கை தூக்குவான் என்று காத்திருக்கிற மாதிரி.

காலையில் கீழே ஹோட்டலில் நீர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பைகள் மாடியில் அறைக்குள். வண்டி கொல்லையில், நேற்றிலிருந்து ஆறிக் கிடக்கிறது.

ரெக்ஸின் கருகும் வாசனை வந்தது.

அதே வாசனை. பக்கத்து மேஜைக்காரர் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

பை கருகவில்லை. ஒருநாளும் கருகவில்லை. பிப்ரவரியில் ஆபீசில் அந்த வயரும் கருகியிருக்காது.

மதியம் முழுக்கக் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்தேன். சொன்னால் பின் சீட்டும் போய்விடும். இரண்டு நாள்தான் ஆகிறது, அந்த நீள வளைவில் ஒன்றாகச் சாய்ந்து. அதற்குள் போய்விடும். சொல்லாவிட்டால், நாளைக்கு ஏதோ ஒரு வளைவில் என் உடம்பு என்னைக் கேட்காமல் ஒரு பக்கம் விழும். முன்னால் இருக்கிறவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். தகரக் கவசம் செய்யத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லையா? தெரிந்தது. எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனைகட்டியிலிருந்து வந்த மறுநாள் பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதே தெரிந்தது.

பயமாக இருக்கிறது. இதை எழுதியாகிவிட்டது.

அக்டோபர் 2, புதன்

காலையில் வாணி பல் துலக்கிவிட்டு வந்ததும் சொன்னேன். வாசனை வருகிறது, பையிலிருந்து இல்லை என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டாள். செப்டம்பரிலிருந்து என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டீங்க" என்றாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

பிறகு அவள் சொன்னாள். சிவமொக்காவைத் தாண்டியதும் நான் அவள் இடுப்புப் பட்டையை இழுத்திருக்கிறேன். எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டாள். மறுபடி இழுத்தேன். மறுபடி, மறுபடி, நூல் நூற்கிற மாதிரி விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தேனாம். வேகத்தைக் குறைத்து, கத்திக் கூப்பிட்டாள். பதிலில்லை. வளைவு வந்தது. என் உடம்பு சாய்ந்தது, ஆனால் பக்கப்பை தொடையை விடவில்லை, பெட்டி முதுகை விடவில்லை. அவள் மெல்ல மெல்ல மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

எனக்கு ஒரு துளிகூட ஞாபகமில்லை.

அந்தப் பைகளை அப்படி வைக்கச் சொன்னது இதற்குத்தானா என்று கேட்டேன். இதற்குத்தான் என்றாள். ஹக்கீம் பாயிடம் அன்று சாயங்காலமே தனியாக ஃபோனில் சொல்லிவிட்டாளாம். அதனால்தான் அவர் இரும்புத் தட்டுக்குக் கூடுதலாக இரண்டு போல்ட் போட்டிருக்கிறார். டெலிவரிக்காரன் மாதிரி இருக்கிறது என்று நான் எகத்தாளம் பேசிய பெட்டி. கூடை என்று நான் புகார் செய்த கூடை. ஆறு மாதம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள், கூடவே நான் விழாமல் இருக்க என்னைச் சுற்றி ஓர் இடமும் கட்டியிருக்கிறாள். நான் அதைச் சாமான் வைக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கே ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா இல்லேன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் அந்த இல்லையக் காப்பாத்தறதுலயே இருப்பீங்க. நீங்களா சொல்லாம வண்டிய எடுக்கறதில்லன்னு இருந்தேன். எத்தன நாளானாலும் சரின்னு."

"நான் சொல்லாமயே இருந்திருந்தா?"

"ஸ்கூல் தொறக்கற வரைக்கும் இந்த லாட்ஜுலயே இருந்திருப்போம். தோசை நல்லாத்தான இருக்குது."

டாக்டருக்கு ஃபோன் செய்தோம். அவர் சத்தம் போட்டார், நியாயம்தான். மாத்திரை அளவைக் கூட்டினார். வண்டி அறவே கூடாது, பஸ்ஸிலோ ரயிலிலோ துணையோடு வரலாம், வந்தவுடன் பார்க்க வேண்டும் என்றார். அதன்பிறகு பின்னால் உட்காருவது? பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் வருஷக்கணக்கு என்று அர்த்தம்.

திரும்பும்போது வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டு இருவரும் ரயிலிலேயே போவதாக முடிவு. ஜோக்குக்கு மட்டும் நாளைக்கு எப்படி? எனக்குப் பஸ். துணைக்கு லாட்ஜ்காரரின் தம்பி. அவர் ஜோக்கில்தான் வேலை பார்க்கிறார், காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்றார். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நீயும் பஸ்ஸில் வா என்று வாணியிடம் சொல்ல வாயெடுத்தேன். வண்டி கொல்லையில் கிளம்பத் தயாராக நின்றது. வாயை மூடிக்கொண்டு, நீ ஓட்டிக்கொண்டு வா என்றேன். முப்பது கிலோமீட்டர் பாக்கி வைக்காதே என்றேன்.

அப்போதுதான் அவள் இடது பையின் ஜிப்பைத் திறந்தாள். துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அடியில் தட்டையாக மடித்து வைத்திருந்த ஒன்றை உருவினாள். கறுப்பு. நான்கு பட்டைகள். விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

என் டெயில் பேக்.

"வீட்டிலிருந்தே கொண்டுவந்தியா?"

"ஆமாங்க. நீங்க எறங்கற மாதிரி ஆயிட்டா அந்த எடத்துல எதாவது வேணுமில்ல. வெறுஞ்சீட்டப் பாத்துட்டு என்னால ஓட்ட முடியாது."

அந்த ஒரு கிலோ.

அக்டோபர் 3, வியாழன். ஜோக்

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. லாட்ஜ்காரரின் தம்பி பக்கத்தில். ஊரைத் தாண்டி, வயல் தாண்டி, மரங்கள் நெருங்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தூக்கத்திலும் எனக்கு அடையாளம் தெரியும் சத்தம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் வண்டி ஓடுவதை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? அதன் மேலேதானே இருந்தேன். இன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈரத் தாரில் சிவப்பாக, தாழ்வாக, ஒரு பெண் நிமிர்ந்த முதுகோடு ஓட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்தபோது தலையைத் திருப்பவில்லை. எதிரே சாலையைப் பார்த்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும்.

பின் சீட்டில் டெயில் பேக், மஞ்சள் உறை போட்டு. அதன் தலையில் என் ஹெல்மெட்டைக் கட்டியிருந்தாள். யாரோ குள்ளமான ஆள் குனிந்து தூங்கிக்கொண்டு வருவது போலிருந்தது. இரண்டு பக்கமும் பைகள், முதுகில் பெட்டி. என்னைப் பிடித்த மாதிரியே அதையும் பிடித்திருந்தன. பஸ்ஸைத் தாண்டினாள். முன்னால் வளைவு. மொத்த உடம்பையும் இறக்கி, அழகாக, அவசரமில்லாமல், இலைகளுக்கு நடுவே போய் மறைந்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாரது, பெண்பிள்ளையா என்று முன் சீட்டுக் கிழவர் கன்னடத்தில் கேட்டார். என் மனைவி என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். வண்டி யாருடையது என்றார். அவளுடையது என்றேன். சொல்லும்போது ஒரு சிக்கலும் இல்லை.

ஜோக்கில் இறங்கினால் அருவியைக் காணோம். பள்ளத்தாக்கு முழுக்க வெண்மூட்டம். சத்தம் மட்டும் கேட்கிறது. காதால் கேட்கிற சத்தமில்லை, கைப்பிடிக் கம்பி வழியாக உள்ளங்கைக்கு வருகிற சத்தம். வாணி அங்கே கம்பியைப் பிடித்தபடி நின்றாள், கோட்டுகூடக் கழற்றாமல். நான் வந்து சேரும்வரை பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாளாம். கண்ணைத் திறந்திருந்தாலும் மூட்டம்தான் தெரிந்திருக்கும் என்று சிரித்தாள்.

ஒன்றாக நின்றோம். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. சிலர் சலித்துப்போய்க் கிளம்பினார்கள். பிறகு காற்று திசை மாறியது. மூட்டம் கீழிருந்து மேலாகக் கிழிந்தது. முதலில் பாறை, கறுப்பாக, ஈரமாக. அப்புறம் ஒரு தாரை, இன்னொன்று, நான்கும். மலையின் உதட்டிலிருந்து ஓர் ஆறு அப்படியே கீழே விழுந்துகொண்டிருந்தது. விழுகிற தண்ணீர் பாதி வழியில் தண்ணீராக இல்லை, புகையாகி, அடியில் மறுபடி தண்ணீராகி எழுந்து ஓடியது. உடம்பு சிலிர்த்தது, இது எனக்குத் தெரிந்த சிலிர்ப்பு, நல்ல சிலிர்ப்பு. எந்த வாசனையும் இல்லை. ஈர மண் வாசனை மட்டும், அது எல்லோருக்கும் வந்தது. வாணியைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அவள் கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் விறைத்திருந்தன. பை எப்படி, நன்றாக உட்கார்ந்து வந்ததா என்று கேட்டேன். பார்த்துப் பார்த்து வாங்கிய பை, அதைப் பற்றி எனக்கு இன்னும் பெருமை உண்டு.

அவள் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அசையாமத்தான் வந்துச்சு. ஆனா சரியில்லீங்க. நான் சாஞ்சா அது சாய மாட்டேங்குது. நீங்கன்னா சாய்வீங்க."

அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பொய் சொல்லி, அவளை இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.